வேலையை விட்டுவிட்டுச் சேவைக்குப் போகலாமா?

"மாசாமாசம் பணம் அனுப்புவதோடு சரி, நேரில் போய் ஒன்றும் செய்வதில்லையே" என்று வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பணம் கொடுப்பதை ஒருபடி தாழ்ந்த தொண்டாக நினைப்பதே பெரிய தவறு. ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் 30 ஆண்டுகளுக்கு மேல் தன் சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்தார். தன் சாப்பாட்டுக்குச் சின்னச் சின்ன வேலைகள் பார்த்துக்கொண்டார். 2023இல் பத்மஸ்ரீ தேடி வந்தது. நூலகத்தை விட்டுச் சேவைக்குக் கிளம்பியிருந்தால் கொடுக்க அந்தச் சம்பளம் ஏது?

மனசு கனத்துப்போன ஒரு நாளில் ராஜினாமா எழுதாதீர்கள். முதலில் நீங்கள் சேவை செய்ய நினைக்கும் இடத்துக்குப் போய், ஆள் தட்டுப்பாடா, பணத் தட்டுப்பாடா என்று கேளுங்கள். மாலை நேர டியூஷன் மையம் ஒன்றில் சில மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் போல ஆர்வத்தில் வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டி, "இதுக்கு முன்னாடி வந்த அண்ணாவும் பின்னத்துலதான் ஆரம்பிச்சாங்க" என்றாள். புரட்டிப் பார்த்தேன். பின்னத்தின் முதல் பாடம் மூன்று பேர் கையெழுத்தில் மூன்று முறை இருந்தது. நான்காவது கையெழுத்து என்னுடையது. அந்த மையத்துக்கு வேண்டியிருந்தது, அதே ஊரில் இருந்து தினமும் வரக்கூடிய ஓர் ஆசிரியையும் அவருக்கு மாதாமாதம் தவறாத சம்பளமும்தான்.

கொடுப்பதிலும் ஒரு தவறு உண்டு. பிறந்தநாளுக்கு ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களில் ஒரு வேளை பாயசத்தோடு சாப்பாடு போட எல்லோருக்கும் ஆசை. அதே இல்லத்தின் கரண்ட் பில், வார்டன் சம்பளம், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இரவில் ஆட்டோவில் கூட்டிப்போகும் செலவு இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? "எதற்கு வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று மாதம் 1,000 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இப்படிப் பலர் தவறாமல் அனுப்பினால், அதை நம்பி அவர்கள் ஓர் ஆளை வேலைக்கு வைக்க முடியும்.

வரிச் சலுகையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டாம். வருமான வரியின் புதிய முறையில் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடையாது.

சரி, யார்தான் நேரடியாக இறங்கலாம்? எளிதில் கிடைக்காத கைத்திறன் உள்ளவர்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்று திட்டமிட்டார். அதற்கு முன்பே அரசு வேலையில் இருந்தபடி கிராமங்களில் கண் முகாம்கள் நடத்திப் பழகியிருந்தார். நீங்களும் முதலில் லீவு போட்டு, போக நினைக்கும் இடத்தில் ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவரா? அவர்களுடைய வரவு செலவு நோட்டைக் கேட்டு வாங்கி உட்காருங்கள்.