ஓடும் இயந்திரத்தின் வட்டில் கை வைக்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அலுவலகங்களுக்கும் செம்பனை ஆலைகளுக்கும் சர்வர் பார்த்துக் கொடுக்கும் பிள்ளைகள் இப்போது பலர் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மெய்நிகர் இயந்திரம் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) முரண்டு பிடித்தால், அதன் வட்டுப் படிமத்தை, அதாவது அதன் வட்டு முழுவதையும் அடக்கிய கோப்பை, வெளியிலிருந்து மவுண்ட் செய்யும் (திறந்து உள்ளே பார்க்கும்) வேலையில் மட்டும் எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கோப்பின் பெயரைத் தவறாக அடிப்பது, ரூட் அனுமதி இல்லாமல் முயல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை லினக்ஸே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

முழுப் படிமத்தையும் மவுண்ட் செய்வது

சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் தலைப்புக் குறிப்பு) கெட்டுவிட்டது என்ற பிழையைக் கண்டதும் படிமமே பாழ் என்று முடிவு கட்டி, எஃப்எஸ்சிகே என்ற பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டத் தொடங்குகிறார்கள். வேண்டாம். படிமம் என்பது ஒரு முழு வட்டு. தொடக்கத்தில் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அட்டவணை இருக்கும். முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 2048ஆவது செக்டரில் தொடங்கும். செக்டருக்கு 512 பைட் என்றால் 1,048,576. அதை மவுண்ட் கட்டளையில் ஆஃப்செட்டாக, அதாவது தொடங்கும் இடமாக, கொடுங்கள். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால், படிமக் கோப்பை லூப் சாதனமாக, அதாவது ஒரு வட்டுப் போல, மாட்டும் லோசெட்அப் கட்டளையில் பெரிய எழுத்து 'பி' சேர்த்தால் பார்ட்டிஷன்கள் தனித்தனியாக வந்து நிற்கும்.

கியூகௌ2 படிமத்தை லூப்பில் மாட்டுவது

கியூகௌ2 என்பது மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஎமு மென்பொருளின் தனிப் படிம வடிவம். லூப்புக்கு அந்த வடிவம் புரியாது. அதைப் புரிந்து வட்டாக மாட்டித் தரும் கியூஎமு-என்பிடி வழியாகப் போங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மவுண்ட் செய்வது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஓர் ஆலையில் எடைமேடைக் கணக்கு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது. அறுத்த குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் அந்த இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. கிராணி (அலுவலக எழுத்தர்) பழைய அறிக்கை ஒன்றைக் கேட்டார். தம்பி ஒருவர், மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் சர்வரான ஹோஸ்டிலிருந்தே ரா படிமத்தை (வட்டு அப்படியே உள்ள வடிவம்) மவுண்ட் செய்து எடுத்துக் கொடுத்துவிட்டார். மாலைக்குள் உள்ளேயிருந்த ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை பிழைகளைக் கக்கி, எதையும் எழுத விடாமல் பூட்டிக்கொண்டது. வாசலில் லாரி வரிசை. எடைச் சீட்டைக் கையால் எழுதினார்கள். கேட்டால், "படிக்க மட்டும்தானே அண்ணே திறந்தேன்" என்கிறார்.

இந்தப் 'படிக்க மட்டும்' என்ற பதில்தான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஓடும் இயந்திரத்தின் ஈஎக்ஸ்டி4, மீட்பு தேவை என்ற குறியோடுதான் எப்போதும் இருக்கும். ஹோஸ்ட் அதைப் பார்த்ததும், நீங்கள் 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) என்று கொடுத்திருந்தாலும், ஜர்னலில் (எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) நிலுவையில் உள்ளதை வட்டில் எழுதித் தீர்த்துவிடும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையம்) இது தெரியாது; தன் நினைவகத்தில் உள்ள பழைய கணக்கை நம்பி அதன் மேலேயே எழுதும். ஒரே பேரேட்டை இரண்டு கிராணிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்துவது போலத்தான். 'நோலோட்' கொடுத்தால் ஜர்னல் ஓடாது, உண்மை. ஆனால் கிடைப்பது பாதி எழுதிய கோப்பாகவும் இருக்கலாம்.

2017இல் வந்த கியூஎமு 2.10 முதல் ஓடும் படிமத்துக்குப் பூட்டு உண்டு. கியூஎமு-என்பிடி அந்தப் பூட்டைப் பார்த்து மறுத்துவிடும். நம் பிள்ளைகளோ அந்த மறுப்பை ஒரு தொல்லையாக நினைத்து லோசெட்அப்புக்குத் தாவுகிறார்கள். அது பூட்டைச் சட்டை செய்யாது.

இயந்திரத்தை நிறுத்துங்கள். முடியாதென்றால் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்) எடுத்து அதைத் திறங்கள். கோப்பு இயந்திரத்துக்குள்ளேதானே இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் (வலைவழி உள்நுழைவு) வழியாகவே எடுத்திருக்கலாமே என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். அது தோன்றவில்லையாம்.

எக்ஸ்எஃப்எஸ் நகல் மவுண்ட் ஆகவில்லை

எக்ஸ்எஃப்எஸ் இன்னொரு கோப்பு முறைமை. மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே யுயுஐடி (அடையாள எண்). 'நோயுயுஐடி' கொடுங்கள்.

கழற்றாமல் இயந்திரத்தைத் தொடங்குவது

முதலில் அன்மவுண்ட், எல்விஎம் (வட்டுகளைத் தொகுத்து ஆளும் முறை) இருந்தால் அதன் வால்யூம் குரூப்பை முடக்குவது, கடைசியில் லூப் அல்லது என்பிடி இணைப்பைத் துண்டிப்பது. வரிசை மாறினால் இணைப்பு சரியாகக் கழலாது. இயந்திரத்தைத் தொடங்கும் முன் லோசெட்அப் பட்டியலில் அந்தப் படிமத்தின் பெயர் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.