கேமரா செல் ஏன் சீக்கிரம் தீர்கிறது: ஒரு பிசிக்ஸ் டீச்சரின் விசாரணை

திருப்புறம்பியம் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டை வரி வரியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது வரியில் கேமரா லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு அணைந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் 11 படம். உள்ளே இருந்த நாலு பென்சில் செல்லும் அன்று காலை வழியில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கியவை. கவரைக் கிழித்து நானே போட்டவை. கூட வந்த ஆட்டோக்காரர் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "புது செல்லுலயே இவ்வளவுதான்னா மெஷின் போச்சு டீச்சர். தூக்கிப் போட்டுட்டு நல்ல போனா வாங்குங்க."

போடவில்லை. 2008இல் வாங்கிய கேமரா அது. பணி ஓய்வுக்குப் பின் கும்பகோணத்தைச் சுற்றி நான் எடுத்த கல்வெட்டுப் படங்கள் அத்தனையும் அதில்தான். பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்தியவள் ஒரு செல் விவகாரத்தில் தோற்பதா என்ற வீம்பும் இருந்தது. அந்த வீம்பில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

"செல் சீக்கிரம் தீர்கிறது" என்று நாம் சொல்வதற்குள் நாலு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. செல்லில் சத்தே இல்லாமல் இருக்கலாம். சத்து இருந்தும் கேமராவுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்து, நாம் படம் எடுக்கிற விதத்தில் செலவாகலாம். இல்லையென்றால், அணைத்து வைத்த கேமரா அலமாரியில் இருந்தபடியே குடிக்கலாம். இதே வரிசையில் தேடுங்கள். முக்கால்வாசி விவகாரம் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும்.

முதலில் செல். நான் வாங்கியது டிவி ரிமோட்டுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் போடுகிற மலிவான துத்தநாக–கார்பன் செல். அது கெட்ட சரக்கு இல்லை, வேலைதான் வேறு. கடிகாரம் கேட்பது சொட்டுச் சொட்டாக மின்சாரம். கேமராவோ லென்ஸை நகர்த்தும்போதும் ஃபிளாஷுக்கு சார்ஜ் ஏற்றும்போதும் ஒரே மூச்சில் குடம் குடமாகக் கேட்கும். அவ்வளவு வேகமாக இழுத்தால் செல்லின் உள்தடை குறுக்கே நிற்கும், வோல்ட்டேஜ் சரியும், கேமரா "பேட்டரி தீர்ந்தது" என்று முடிவு கட்டிவிடும். உண்மையில் தீர்ந்திருக்காது. திருப்புறம்பியத்தில் "செத்துப்போன" அந்த நாலில் ஒன்று எங்கள் கூடத்துக் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடியது.

அல்கலைன் செல் இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கேமராவின் இழுப்புக்கு அதுவும் திணறும். சரியான ஆள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல்தான். அதன் மேல் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அல்கலைனின் 1.5ஐ விடக் குறைச்சலாயிற்றே என்று பலர் ஒதுங்குவார்கள். நானும் ஒதுங்கியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அல்கலைன் 1.5இல் தொடங்கிப் போகப்போக இறங்கிக்கொண்டே இருக்கும். இது கடைசி வரை ஏறக்குறைய 1.2இலேயே நிற்கும், உள்தடையும் குறைவு. உங்கள் கேமரா மெனுவில் பேட்டரி வகை என்று ஓர் இடம் இருந்தால் அதில் ரீசார்ஜபிளுக்கு மாற்றிவிடுங்கள். சில கேமராக்களில் இது உண்டு. மாற்றாவிட்டால் 1.2ஐப் பார்த்துப் பாதியிலேயே பயந்து அணைந்துவிடும்.

சரி, நானும் ரீசார்ஜபிளுக்கு மாறினேன். முதலில் நன்றாக ஓடி, ஆறேழு மாதத்தில் மறுபடி 20 படத்தில் படுத்தது. இந்த முறை மல்டிமீட்டரை எடுத்தேன், அந்த மஞ்சள் நிற மலிவு மீட்டர்தான். சார்ஜரிலிருந்து எடுத்த செல்களை அளந்தால் நாலும் 1.4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டின. இந்த அளவை நம்பாதீர்கள். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும்போது எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறுதான். கேள்வித்தாள் கைக்கு வந்தபின் பார்க்க வேண்டும். கேமராவில் போட்டு, பேட்டரி தீர்ந்ததென்று அது சொல்கிற வரை படம் எடுத்து, உடனே கழற்றி ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்று செல் 1.25. ஒன்று மட்டும் 0.9. நாலும் ஒரே வரிசையில் கோத்தவை. ஒன்று சோர்ந்தால் மற்ற மூன்றில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. கேமராவைக் குற்றம் சொல்லுமுன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

அன்றிலிருந்து செல்களுக்கு அழியாத மார்க்கர் பேனாவால் பெயர் வைக்கிறேன்: அ1, அ2, அ3, அ4, பக்கத்தில் வாங்கிய மாதம். அ குடும்பம் ஆ குடும்பத்தோடு கலக்கக் கூடாது. பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

சார்ஜரையும் கவனியுங்கள். நாலு செல்லோடு இலவசமாக வரும் சார்ஜர்கள் பெரும்பாலும் செல்களை ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும். ஜோடியில் ஒன்று நோஞ்சான் என்றால் இரண்டுமே கெடும். சார்ஜரின் முதுகில் அது தரும் மின்னோட்டம் அச்சிட்டிருக்கும். 200 மில்லி ஆம்பியர் என்றால், 2000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) செல் நிரம்பக் கணக்குப்படி 10 மணி, சேதாரம் சேர்த்துச் சுமார் 14 மணி. என் வீட்டில் சாயங்காலம் போட்டு ஒன்பது மணிக்குத் தூங்கப்போகுமுன் பிடுங்கிக்கொண்டிருந்தேன், அரைவயிற்றுச் சாப்பாடு! இப்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக ஏற்றி, நிரம்பியதும் தானே நிறுத்துகிற சார்ஜர் வாங்கிவிட்டேன். ஏற்றி இறக்கி, செல்லில் எவ்வளவு கொள்கிறது என்றும் காட்டும். மேலே 2700 என்று அச்சிட்ட ஒரு செட்டைப் போட்டுப் பார்த்தேன். 900ஐக் கூட எட்டவில்லை. எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன். விலையைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது செல்லுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் அரை மில்லிமீட்டர் அழுக்கு. செல்லின் இரண்டு முனைகளையும் உலர்ந்த முரட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள். கேமராவுக்குள் இருக்கும் தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம்; கையில் படாமல், பஞ்சில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு ஒற்றி எடுத்தபின் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். செல் போடும் அறையின் வாய் கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரவம் உள்ளே இறங்கக் கூடாது.

பேட்டரி கதவையும் மறக்க வேண்டாம். பென்சில் செல் கேமராக்களில் நாலு ஸ்பிரிங்கின் தள்ளலையும் தாங்குவது ஒரு குட்டி பிளாஸ்டிக் கொக்கி. அது தேய்ந்தால் கதவு இம்மி அளவு தூக்கும், தொடுகை விட்டுவிட்டு வரும். கதவைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கேமராவைப் போட்டுப் பாருங்கள். செத்த கேமரா உயிர் பிழைத்தால் குற்றவாளி கொக்கிதான். என்னுடையதில் இன்றும் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. பார்க்க நன்றாக இருக்காது.

செல்லும் தொடுகையும் சரியானபின் நம் பழக்கத்தைப் பார்க்கலாம். கேமரா பெட்டியில் போடுகிற "இத்தனை படம்" கணக்கு, சிபா என்ற ஜப்பானியக் கேமரா சங்கத்தின் சோதனை முறைப்படி எடுத்தது: 30 விநாடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், அவ்வப்போது அணைத்துப் போடுவது, 23 டிகிரி வெப்பம். ஃபிளாஷே போடாவிட்டால் அந்தக் கணக்கைத் தாண்டலாம். ஒவ்வொரு படத்துக்கும் போட்டால் எட்டவே எட்டாது. எனக்கு இதில் இரட்டை லாபம். கல்வெட்டுக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்தின் பள்ளமும் மேடும் ஒன்றாகி மொட்டைச் சுவர்தான் கிடைக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் சாய்வாக டார்ச் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். இத்தனை வருஷம் செல்லையும் வீணாக்கி எழுத்தையும் அழித்துக்கொண்டிருந்தேனே என்று அன்று நொந்துகொண்டேன்.

மற்றபடி, எடுத்த படத்தை உடனே காட்டும் நேரத்தை 2 விநாடியாகக் குறையுங்கள், திரையின் வெளிச்சத்தை இறக்குங்கள், ஒரு நிமிடத்தில் தானே அணையும்படி வையுங்கள். சிக்கனம் என்று ஒவ்வொரு படத்துக்கும் அணைத்து அணைத்துப் போடாதீர்கள். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற செலவு அதிகம்.

கடைசிக் கேள்விதான் சுவாரசியமானது: அணைத்து வைத்த கேமரா குடிக்கிறதா? மாதம் ஒருமுறை எடுக்கும்போதெல்லாம் செல் காலி என்றால் கேமராவைச் சந்தேகிப்போம். ஆனால் சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழக்கும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போன்ற, சார்ஜ் தங்குகிற செல்கள் ஒரு வருஷம் கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். ஆகவே முதலில் ஒரு ஒப்பீட்டுச் சோதனை. ஒரே வயதுள்ள இரண்டு செட்டை முழுதாக ஏற்றி, ஒன்றைக் கேமராவிலும் மற்றதைப் பெட்டியிலும் 10 நாள் வையுங்கள். அப்புறம் இரண்டையும் மாறி மாறிப் போட்டு எத்தனை படம் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சோர்ந்திருந்தால் குற்றம் செல்லுடையது. கேமராவில் கிடந்தது மட்டும் சோர்ந்திருந்தால் கேமராவுடையது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே சோர்ந்தன. செல்லை மாற்றினேன், முடிந்தது.

எண் வேண்டும் என்பவர்களுக்கு: சன்னமான காகிதத்தின் இரண்டு பக்கமும் அலுமினிய ஃபாயில் ஒட்டுங்கள், ஒரு பக்க ஃபாயில் மறுபக்கத்தைத் தொடக் கூடாது. அதை ஒரு செல்லின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகி, வெளியே நீளும் இரண்டு ஃபாயில்களிலும் மல்டிமீட்டர் வயர்களை மாட்டிக் கதவை மூடுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் பாருங்கள். கேமரா அணைந்திருக்கிறது என்று உறுதியானபின் 200 மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் தவறிக்கூட ஆன் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். (எனக்கு இரண்டு போயின.) உள்ளே கடிகாரத்துக்கான சின்ன பேக்கப் சார்ஜ் ஏறும்வரை அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், பொறுங்கள். 0.1 மில்லி ஆம்பியர் காட்டினால் கவலை வேண்டாம். 5 என்றால், நாளுக்கு 120 எம்ஏஎச். 2000 எம்ஏஎச் செல் 17 நாளில் காலி. லித்தியம் பேட்டரி போடும் கேமராவில் இந்த விளையாட்டு வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

லித்தியம் என்றதும் என் தங்கை மகன் ஞாபகம் வருகிறது. "பெரியம்மா, ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டு பைக்குள்ள வச்சேன், காலையில பாதிதான் இருக்கு" என்று லென்ஸ் மாற்றுகிற கேமராவோடு வந்தான். இப்படிப்பட்ட கேமராவில் முதலில் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் மெனுவில் அணைக்க வேண்டும். சிலவற்றில் போனோடு உள்ள தொடர்பும் ஜிபிஎஸ் பதிவும் கேமரா அணைந்தபின்னும் ஓடும். அணைத்தோம், மாற்றமில்லை. மெமரி கார்டை எடுத்து ஓர் இரவு, லென்ஸைக் கழற்றி மூடி போட்டு ஓர் இரவு என்று வெளியே மேஜை மேல் வைத்தோம். பேட்டரி இறங்கவே இல்லை. மறுபடி லென்ஸோடு, கார்டோடு, பையில் வைத்தால் இறங்கியது. பைதான்! "தானே தூங்கிடும்" என்று அவன் சுவிட்சை அணைப்பதே இல்லை. இறுக்கமான பையின் தடுப்பு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடியே ராத்திரி முழுக்க கேமராவைத் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்கு வெயிலில் நிறுத்திய கார் எமன். மாதக்கணக்கில் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ள வேண்டாம், அதன் ஆயுள் முடிந்தது. மலையில் குளிருக்கு எந்த பேட்டரியும் சுணங்கும். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிப் போட்டால் கொஞ்சம் மீளும்.

இத்தனையும் பார்த்தபின்னும் அணைந்த கேமரா குடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே ஏதோ பாகம் கசிகிறது. அங்கே என் எல்லை முடிகிறது, உங்களுடையதும். ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும், செல்லைக் கழற்றினாலும் உடனே போகாது. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகும்போது, செல் மாற்றிப் பார்த்தது, அளந்த எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். "பேட்டரி நிக்கலைங்க" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலில் புது செல் போட்டுத்தான் பார்ப்பார்.

திருப்புறம்பியத்துக்குப் போன மாதம் மறுபடி போனேன். அ குடும்பம் ஒன்றிலேயே 160 படம். விட்டுப்போன நாலாவது வரி கிடைத்துவிட்டது, அதில் பாதியைப் பிற்காலத்தில் யாரோ சுண்ணாம்பு பூசி மூடியிருக்கிறார்கள்.