கடலோரத்தில் ஓடும் பழைய காருக்கு ஏசி பொருத்துதல்

ஏசி இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பிற்காலத்தில் அதைப் பொருத்துவது எல்லா ஊர்களிலும் நடக்கிற வேலைதான் என்றாலும், மண்டபம், பாம்பன், கீழக்கரை போன்ற ஊர்களில் நிற்கிற வண்டிக்கு அதைச் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்திலும் உப்புக்காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையம் நடத்துகிறது என்பதிலிருந்தே இந்தக் கரையின் காற்று எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

முதலில் ரேடியேட்டரைக் கவனியுங்கள். ஏசி காஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் வெளியேற்றும் சூடு முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே பின்னால் போவதால், ஏற்கெனவே பாதி அடைத்திருக்கிற ரேடியேட்டர் ஏசி போட்ட அன்றே கொதித்துவிடும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்ப்பையும் சரிபார்த்த பிறகு, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை ஊற்றுங்கள். இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால், அவசரத்துக்குக்கூட அதை ஊற்ற வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். ஏசியின் ப்ளோயர், கண்டென்சர் பேன், காஸை அழுத்துகிற கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். டைனமோ உள்ள வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ஏறக்குறைய சார்ஜே ஆகாது. எனவே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றுக்கும் தனித்தனி ரிலேயும் பியூஸும் வைத்து, எர்த் ஒயரை வெறும் இரும்பில் இறுக்கி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். உப்பேறிய எர்த் இணைப்பினால் வருகிற கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

கம்ப்ரசர் பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கில்தான் பிடிக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுகிறபோது கம்ப்ரசர் பாடியில் அசையாமல் இருந்தால் பெல்ட் தாங்காது. கிராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் இல்லாவிட்டால் இரட்டைப் பள்ளம் கொண்ட புல்லியைப் போட்டு, அதுவும் கம்ப்ரசர் புல்லியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான பட்டையை வைத்துப் பாருங்கள். பத்மினியின் 1089 சிசி இன்ஜின் கம்ப்ரசரின் சுமையை நன்றாகவே உணரும் என்பதால், ஏசியை ஓட விட்டதும் ஐடிலிங்கை (நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும் வேகத்தை) உயர்த்துகிற வேக்கம் கருவியைக் கார்புரேட்டரில் சேர்ப்பது அவசியம்.

கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் விரலளவு இடைவெளியில் நிறுத்தி, பக்கங்களை ரப்பர் பட்டையால் அடைத்தால் காற்று ஒதுங்கிப் போகாது. அலுமினியக் கண்டென்சர் இரும்புப் பிராக்கெட்டை நேரடியாகத் தொட்டால், ஈர உப்பு இடையில் புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிடும்; ஆகவே இடையில் ரப்பர் வாஷர் வையுங்கள். துளையிட்ட ஒவ்வோர் இடத்தின் விளிம்பிலும் அன்றே துத்தநாக பிரைமர் அடித்தாக வேண்டும்.

உள்ளே காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயிலுக்கு டேஷ்போர்டை அறுப்பதை நான் ஏற்பதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிற பெட்டி வகையே போதுமானது. பிற்பாடு கழற்றினாலும் வண்டி பழையபடி இருக்கும். கடலோர ஈரக்காற்றில் காயிலிலிருந்து தண்ணீர் நிறையச் சொட்டும் என்பதால், வடிகுழாயைச் சரிவாக இறக்கித் தரைத்தகட்டுக்கு வெளியே விடுங்கள். அது உள்ளேயே கசிந்தால் மிதியடிக்கு அடியில் தகடு துருப்பிடித்துக்கொண்டே போகும்.

காஸிலுள்ள ஈரத்தை எடுக்கிற ட்ரையரின் மூடியைக் கடைசி வரை திறக்காதீர்கள், கம்ப்ரசர் ஆயில் டப்பாவையும் திறந்து வைக்காதீர்கள்; இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. ஆர்-12 காஸுக்கென்று செய்யப்பட்ட பழைய ஏசி கிட்டை (பாகங்களின் தொகுப்பை) யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இன்று கிடைக்கிற ஆர்-134ஏ காஸுக்கு அதன் மினரல் ஆயில் பொருந்தாது.

இணைப்புகள் முடிந்ததும், உள்ளிருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேக்கம் பம்ப்பை முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். கடல்மட்டத்தில் இருக்கிற நமக்கு வேக்கம் மீட்டர் 29 அங்குலப் பாதரச அளவைத் தாண்ட வேண்டும். அந்த அளவில் உள்ளே மிஞ்சிய நீர் 25 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால்தான் காஸ் ஏற்றலாம். அதை உரிய கருவியும் பயிற்சியும் உள்ள மெக்கானிக்கிடம், கிட்டில் சொன்ன எடைப்படி ஏற்றச் சொல்லுங்கள். அதிக காஸ் குளிர்ச்சியைக் கூட்டாது, அழுத்தத்தைத்தான் கூட்டும். 35 டிகிரி வெயிலில் உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை காட்டுவது சரியான நிலை. அழுத்தம் எல்லை மீறினால் கிளட்ச்சை நிறுத்துகிற பிரஷர் ஸ்விட்ச் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் கண்டென்சரில் மணலும் உப்பும் படிந்திருக்கும். இன்ஜின் ஆறியதும் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மார்கழியில் ஏசி தேவைப்படாது என்றாலும், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட விட்டால் கம்ப்ரசர் சீல் காயாமல் ஆயில் பட்டுக்கொண்டிருக்கும்.