பீட்டில் இன்ஜின் கட்டும்போது பார்த்து வாங்க வேண்டியவை

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 சி.சி. இன்ஜினுக்கு ஒரிஜினல் பிஸ்டன் அளவு 85.5 மி.மீ. "கேஸ் (இன்ஜின் கூடு), ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) எதையும் கடைய வேண்டாம், அப்படியே உட்காரும்" என்று 88 மி.மீ. பிஸ்டன்-சிலிண்டர் செட்டும் விற்கிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள். வெளி அளவை மாற்றாமல் உள்ளே மட்டும் குடைந்திருப்பதால் சிலிண்டர் சுவர் மெலிந்துவிடும். சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறினால் போதும்: சிலிண்டர் கோணும், ரிங் பிடிக்காது, ஆயில் குடிக்கும், ஹெட் ஓரம் கசியும். 87-உம் நம் ஊர்ச் சூட்டுக்கு வேண்டாம். கூடுதல் இழுவை வேண்டுமென்றால் 90.5 எடுத்து, ஓசூரில் நல்ல லேத் பட்டறையில் கேஸையும் ஹெட்டையும் கடைந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கு 85.5 தாராளம்.

எந்த செட்டானாலும் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சிலிண்டர் விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 1 முதல் 1.5 மி.மீ. சரி. குறைந்தால் சிலிண்டர் அடியில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வையுங்கள்.

அடுத்தது ஆயில் கூலர். 1971 மாடலுக்கு முந்தைய வண்டிகளில் அது மூன்றாம் சிலிண்டரைக் குளிர்விக்கப் போகும் காற்றை மறிக்கும்; அங்கேதான் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போகும். அந்தக் காற்றுப் பாதைக்கு வெளியே தனிக் கூட்டில் உட்காரும் 'டாக்ஹவுஸ்' கூலருக்கு மாறுவது நல்லது, ஆனால் அதற்குரிய ஃபேன் கூடும் அகலமான ஃபேனும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய இன்ஜினில் பேரிங் தேய்ந்து போயிருந்தால் பழைய கூலரைத் திரும்பப் போடாதீர்கள். உள்ளே சிக்கிய உலோகத்தூள் புது பேரிங்கையும் தின்றுவிடும்.

இன்ஜினைச் சுற்றியுள்ள தகடும் ரப்பர் சீலும் ஒன்றுகூட விடுபடக் கூடாது. இடைவெளி இருந்தால் கீழே உள்ள சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும்.