கோடியக்கரைக்கு முதல்முறையாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

"மான் பார்த்தோம், கடல் பார்த்தோம், பூநாரை ஒன்றைக்கூடக் காணோம்." கோடியக்கரை போய் வந்தவர்கள் பலர் இப்படிச் சொல்வார்கள். ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரையும் மற்ற நீர்ப்பறவைகளும் வராமல் இல்லை. அவர்கள் தேடிய இடம்தான் வேறு.

1. முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேரும் முனைதான் கோடியக்கரை. 1967-இல் வெளிமான்களைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. நுழைவாயிலுக்கு உள்ளே பெரும்பாலும் காடும் புல்வெளியும்தான். நீர்ப்பறவைகள் திரளும் வேதாரண்யம் சதுப்பு நிலம் அதற்கு மேற்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீண்டு கிடக்கிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் 2002-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. மொத்தம் 38,500 ஹெக்டேர். ஆகவே காலையைச் சதுப்புக்கும் மாலையைப் புல்வெளிக்கும் ஒதுக்குங்கள்.

2. நாள் பாருங்கள்

வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்தே வந்து சேரும். ஆனால் நவம்பர் இங்கே மழைக்கும் புயலுக்கும் உரிய மாதம். முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று ஆதிசேது எனப்படும் கோடியக்கரைக் கடலில் நீராட ஊரே திரண்டு வரும். அது பறவை பார்க்க ஏற்ற நாள் அல்ல.

3. வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள்

விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்பதால் முந்தின நாளே வந்துவிடுவது நல்லது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில், அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் சாலையோரம் உப்பளங்கள் தொடங்கும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையினரிடம் கட்டண விவரத்தோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது? எதுவரை போக அனுமதி உண்டு? ஆண்டுதோறும் மழையைப் பொறுத்து ஆழம் மாறும்; அதற்கேற்பப் பறவைகளும் இடம் மாறும்.

தொப்பி, குடிநீர், 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை) இருநோக்கி, அதாவது பைனாகுலர், இருந்தால் போதும். அப்புறம், காய்ந்த மாதிரி தெரியும் சேற்றை நம்பி இறங்காதீர்கள். மேலே உப்பு பூத்த பொருக்கு, அடியில் களி. முழங்கால் வரை உள்ளே போகும்.

4. பறவையின் காலையும் அலகையும் பாருங்கள்

பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, ஒரே சேற்றுத் திட்டை அரை மணி நேரம் பாருங்கள். ஈரம் மட்டும் இருக்கும் விளிம்பில் குருவி அளவே உள்ள கொசு உள்ளான்கள் ஓடி ஓடி மேலாகக் கொத்தும். கொஞ்சம் தள்ளி, அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான்கள் சேற்றுக்குள் குத்தித் தேடும். கணுக்கால் தண்ணீரைத் தாண்டி நெடுங்கால் உள்ளான் நடக்கும். இன்னும் ஆழத்தில் பூநாரை. அவரவர் கால் நீளத்துக்கு ஏற்ற ஆழம், அலகுக்கு ஏற்ற இரை. இது பிடிபட்டுவிட்டால் பறவையைப் பெயர் சொல்லிப் பிரிப்பது பாதி முடிந்த மாதிரி.

பூநாரை தீனி எடுப்பதைத் தவறவிடாதீர்கள். ஒரே இடத்தில் நின்று கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். பிறகு தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைக்கும். நாக்கு நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரச் சல்லடையில் சின்னஞ்சிறு கூனி இறால்களும் பாசியும் தங்கும். அந்த இளஞ்சிவப்பு நிறமே இந்த இரையிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை இளம் பறவைகள்.

5. பறவைகளை விரட்டிப் பறக்க வைக்காதீர்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். படத்துக்காகக் கை தட்டிக் கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். அது கூடு கட்டுவது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில். திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்த்தாக வேண்டும். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

பறவைகள் கொத்துவதை நிறுத்தித் தலை தூக்கினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் அடுத்து பறக்கப் போகின்றன. அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

6. மாலையில் புல்வெளி

கருமை ஏறிய முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய கொம்பு: அது ஆண் வெளிமான். பழுப்பு நிறத்தில் கொம்பின்றி நிற்பவை பெண்கள். காட்டுக் குதிரைகளும் இங்கே மேயும். ராமர் பாதம் என்னும் மணல் மேட்டில் ஏறினால் சுற்றுப்புறம் தெரியும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது.

7. குறித்துக்கொள்ளுங்கள்

தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் எழுதி, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். ஏதாவது பறவையின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், மேலே எது கீழே எது, எழுத்து உண்டா என்று பார்த்து, முடிந்தால் படமும் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறவர்கள் அவர்கள்தான்.