பதிவிறக்கா, தரவிறக்கா? மொழிபெயர்ப்புக் குழுவுக்கு ஒரு சொற்பட்டியல்

ஒரே செயலியில் ஒரு திரையில் 'பதிவிறக்கு', அடுத்ததில் 'தரவிறக்கு', உதவிப் பக்கத்தில் 'டவுன்லோடு செய்' என்று இருந்தால், மூன்று பேர் மொழிபெயர்த்திருக்கிறார்கள், மூவரும் பேசிக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம். எங்கள் குழுவிலும் இந்தக் கூத்து நடந்தது. எந்தச் சொல்லும் தப்பில்லை, இலங்கை நண்பர்களுக்குத் தரவிறக்கம்தான் பழக்கம். ஆனால் பயனர் இவை வெவ்வேறு வேலைகள் என்று நினைத்துவிடுவார்.

இதற்கு மருந்து, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச்சொல் என்று குழுவே முடிவுசெய்த ஒரு சொற்பட்டியல். அதை ஒரு விரிதாளில் ஆரம்பியுங்கள். முதலில் நூறு சொல் போதும். பீஓ கோப்புகளில் (செயலியின் ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் இருக்கும் கோப்புகள்) அடிக்கடி வரும் சொற்களைப் பொறுக்கித்தர, டிரான்ஸ்லேட் டூல்கிட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுப்பில் 'பீஓடெர்மினாலஜி' என்று ஒரு கருவி இருக்கிறது.

விரிதாளில் ஐந்து பத்தி (நெடுவரிசை) வையுங்கள்: ஆங்கிலச் சொல், அது வரும் இடம், தமிழ்ச்சொல், வேண்டாம் என்று ஒதுக்கிய சொல், ஏன் ஒதுக்கினோம். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள், அப்புறம் ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருபவர் அதே சண்டையை முதலிலிருந்து தொடங்குவார். 'இடம்' பத்தியும் சும்மா இல்லை. 'ஃப்ரீ' என்பது விலைப் பக்கத்தில் இலவசம், வட்டு நிரம்பும்போது காலியிடம், உரிமத்தில் கட்டற்ற. 'ஓப்பன்' பொத்தானில் வந்தால் 'திற', வழுவின் (மென்பொருள் பிழையின்) நிலையாக வந்தால் 'தீர்க்கப்படவில்லை'. ஒரே வரியில் போட்டால் யாராவது வட்டில் இலவசம் எவ்வளவு என்று எழுதிவைப்பார்.

பொத்தானில் 'சேமி'யா 'சேமிக்கவும்'மா என்பதையும் பட்டியலின் தலையிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல் உருமாறும் என்பதால், சரிபார்க்கும்போது 'கோப்பு' என்று தேடினால் 'கோப்பை நீக்கு' சிக்காது (டீ கோப்பையை நீக்கச் சொல்வதுபோல் இருக்கிறது, என்ன செய்ய). இன்னொரு வம்பு: யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சாதாரணத் தேடலுக்கு இல்லை. கோப்புகளை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

சொற்கள் ஓரளவு நிலைத்ததும், இணையத்திலேயே குழுவாக மொழிபெயர்க்க உதவும் வெப்லேட்டின் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். மொழிபெயர்க்கும் வரிக்குப் பக்கத்திலேயே சொல் தெரியும், ஒதுக்கிய சொல்லைத் தடைசெய்யப்பட்டது என்றும் குறிக்கலாம். விரிதாளை யாரும் தேடிப்போய்த் திறக்கமாட்டார்கள், பார்த்தாகிவிட்டது.

புதுச் சொல்லை யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கட்டும். ஒரு வாரம் பேசுங்கள், பிறகு ஒருவர் முடிவெடுக்கட்டும். வாக்கெடுப்பு வைத்தால் முடியாது. பழைய சொல்லை மாற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் மாற்றுங்கள், முடியாவிட்டால் பழையதே இருக்கட்டும். மாற்றியபின் செயலியைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு 'இரத்துசெய்' பொத்தானில் அடங்காமல் 'இரத்துசெ' என்று நின்றது. 'ரத்து' என்று சுருக்கி, காரணப் பத்தியில் 'இடமில்லை' என்று எழுதிவைத்தோம்.