பாஸ் மீனுக்கு லூர் நிறம்: ஆழத்தை அடியால் அளக்காமல் தட்டால் அளப்பது

டெக்சாஸில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள், லூர் எனப்படும் செயற்கை இரையின் நிறத்தை ஒரே ஒரு வண்ணப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்துவந்தேன். நீருக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு மறையும், அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் நீலம் மட்டுமே மிஞ்சும் என்று காட்டும் படம் அது. அதை நம்பி, லூசியானா எல்லையிலுள்ள கேடோ ஏரியில் 12 அடி ஆழமுள்ள பழைய ஓடைத்தடத்தில் நீலநிற பிளாஸ்டிக் புழுவை நாள் முழுவதும் இழுத்தேன். ஒரு கடிகூட இல்லை. பக்கத்துப் படகில் இருந்தவர் அதே தடத்தில், அதே அளவுப் புழுவில், கறுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் நான்கு மீன்களை எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் தவறில்லை. அது தெளிந்த கடல்நீருக்கு வரைந்தது. கேடோவின் நீரில் சைப்ரஸ் மரங்களின் இலையும் பட்டையும் ஊறுவதால் அது தேநீர் டிக்காஷன் போல் இருக்கும், அத்தகைய நீர் முதலில் விழுங்குவது நீல ஒளியைத்தான். அங்கே ஆழத்தில் மிஞ்சுவது சிவப்பும் ஆரஞ்சும். ஆகவே "20 அடிக்கு எந்த நிறம்?" என்ற கேள்விக்கு எல்லா ஏரிக்கும் பொருந்தும் விடை கிடையாது. எந்த நீரில் 20 அடி என்பதை முதலில் அளந்தாக வேண்டும். அதற்கு நான் இப்போது பின்பற்றும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். கழியும் ரீலும் பிடிக்கவும், பிளாஸ்டிக் புழுவை முள்முனை வெளியே தெரியாமல் மாட்டும் டெக்சாஸ் ரிக் கட்டவும் உங்களுக்குத் தெரியும், மாநில மீன்பிடி உரிமம் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: தட்டு செய்தல்

இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி நீரின் தெளிவை அளந்தார். ஏரி ஆய்வாளர்கள் இன்றும் அதே முறையைக் கையாள்கிறார்கள். ஏரிகளுக்குரிய தட்டு 20 செ.மீ. குறுக்களவு கொண்டது, நான்கு கால்வட்டங்களில் எதிரெதிரான இரண்டு கறுப்பு, மற்ற இரண்டு வெள்ளை. பெயின்ட் வாளியின் வெள்ளை மூடியை வெட்டி, இரண்டு கால்வட்டங்களுக்கு மினுமினுப்பில்லாத கறுப்பு அடித்து, நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்தால் போதும். கடையில் விற்பதை வாங்கத் தேவையில்லை. கயிற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நைலான் நனைந்தால் நீளும் என்பதால் பாலியெஸ்டர் பின்னல் கயிற்றையே நான் பரிந்துரைப்பேன். அடிக்கு ஒரு குறி இடுங்கள்.

இரண்டாம் படி: தட்டு மறையும் ஆழம்

முறை எளிது. தட்டை மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று இறக்கிவிட்டு மேலே இழுத்து, மீண்டும் தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரியே "தட்டாழம்".

எளிதாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் நான் ஒரு பருவம் முழுவதையும் இழந்தேன். கிழக்கு டெக்சாஸிலுள்ள லேக் ஃபோர்க் ஏரியில் எனக்குத் தொடர்ந்து 9 அடி வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கை வைத்துத் தேர்ந்த நிறங்கள் எதுவும் எடுபடவில்லை. காரணங்கள் இரண்டு. மீன்பிடிப்பவர்கள் எல்லோரையும் போல நானும் போலராய்டு கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்த்தேன். நீர்ப்பரப்பின் பளபளப்பை அது வெட்டிவிடுவதால் தட்டு இன்னும் ஆழத்திலும் தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு எடை. தட்டின் அடியில் நான் கட்டியிருந்தது மிகச் சிறிய ஈயக்குண்டு. காற்றில் படகு நகரும்போது கயிறு சாய்ந்துவிடும், சாய்ந்த கயிற்றின் நீளத்தையே நான் ஆழமாக எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, அரை கிலோவுக்குக் குறையாத எடையைக் கட்டி, படகின் நிழல் விழும் பக்கத்தில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் அளந்தபோது அதே இடத்தில் 6 அடிதான் வந்தது. கயிறு செங்குத்தாக நிற்காவிட்டால் அந்த அளவை விட்டுவிட்டு மீண்டும் அளப்பதே நல்லது.

மூன்றாம் படி: நீரின் சாயம்

தட்டாழத்தில் பாதிக்குத் தட்டை நிறுத்தி, வெள்ளைப் பகுதி எந்த நிறமாகத் தெரிகிறது என்று பாருங்கள். ஆஸ்டினுக்கு அருகே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் கிடக்கும் லேக் டிராவிஸில் அது நீலப்பச்சையாகத் தெரியும். பாசி நுண்ணுயிர் மிகுந்த லேக் ஃபோர்க்கில் மஞ்சள் கலந்த பச்சை. கேடோவில் தேநீர்ச் சிவப்பு. டாலஸுக்கு வடகிழக்கே, கரிசல் மண் கரைந்து வரும் லேக் லாவோனில் மழைக்குப் பிறகு கலங்கிய பழுப்பு. வெள்ளைப் பகுதி ஏற்கும் நிறமே அந்த நீரில் அதிக ஆழம் செல்லும் ஒளி. படத்தை நம்பாமல் இந்த வெள்ளையை நம்புங்கள்.

நான்காம் படி: ஆழத்தைத் தட்டாழத்தால் வகுத்தல்

லூர் ஓடப்போகும் ஆழத்தைத் தட்டாழத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். தட்டாழத்தில், மேற்பரப்பில் இருந்த ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் இரு மடங்கில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே மிஞ்சும். அதனால் லாவோனில் தட்டாழம் 1 அடியாக இருக்கும்போது 3 அடியில் ஓடும் லூரும், டிராவிஸில் தட்டாழம் 12 அடியாக இருக்கும்போது 36 அடியில் கிடக்கும் லூரும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கலில்தான் இருக்கின்றன. இதை உணர்ந்தபின் அடிக்கணக்கில் நிறம் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

விடை அரைக்குக் கீழே வந்தால் இயல்பு நிறங்களே சிறந்தவை. அங்கே மீன் நிறத்தையும் வடிவத்தையும் நன்றாகப் பார்க்கிறது. ஷாட் என்னும் சிறுமீன் கூட்டத்தைத் துரத்தும் நேரத்தில் வெள்ளியும் வெள்ளையும், தரையில் இறால் போன்ற கிராஃபிஷைத் தேடும் நேரத்தில் கிரீன் பம்ப்கின் எனப்படும் பழுப்புக் கலந்த கரும்பச்சையும் பழுப்பும். ஒரே ஒரு நிறம்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் கிரீன் பம்ப்கின் வாங்குங்கள்.

அரையிலிருந்து ஒன்று வரையான மங்கலில் நீரின் சாயம்தான் தீர்மானிக்கிறது. பச்சை நீரில் சார்ட்ரூஸ் எனப்படும் பசுமஞ்சள், வெள்ளை. தேநீர் நீரில் சிவப்பு, ஆரஞ்சு, அவற்றோடு கறுப்பு. சேற்று நீரில் முழுக் கறுப்பு அல்லது கறுப்பு முதுகு கொண்ட சார்ட்ரூஸ். பிப்ரவரி, மார்ச் மாதங்களில், முட்டையிடுவதற்கு முன்பு, கிழக்கு டெக்சாஸ் ஏரிகளின் ஆழமற்ற நீரடிப் புல்திட்டுகளில் சிவப்பு லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (முன்னால் நாக்குத்தகடு இல்லாத மீன்வடிவ லூர்) பேர்பெற்றது. அங்கேயுள்ள சாம் ரேபர்ன் ஏரியின் பெயராலேயே "ரேபர்ன் ரெட்" என்றொரு நிறம் விற்கிறது. 4 அடி ஆழத்தில் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது என்பதால் அதில் வியப்பில்லை.

ஒன்றைத் தாண்டிவிட்டால் நிறத்தின் பெயர் ஏறக்குறையப் பொருளற்றது. லூர் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே அடர்நிறம் அல்லது ஒரே வெளிர்நிறம் எடுங்கள். புள்ளிகளும் செதில் ஓவியமும் இங்கே வீண்செலவு. ஒளிரும் பூச்சு உள்ள லூர்கள் இதில் ஒரு விலக்கு: அவை நீல, பச்சை ஒளியை வாங்கி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ திருப்பித் தருவதால், சாதாரணப் பூச்சு மங்கிய பிறகும் பளிச்செனத் தெரியும்.

பாஸின் கண்ணையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நிறம் காணும் கூம்புச் செல்கள் அதற்கு இரண்டு வகைதான்: ஒன்று பச்சைக்கு, மற்றொன்று சிவப்புக்கு. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், சிவப்புக்கும் பச்சைக்கும் பழக்கப்படுத்திய பாஸ்கள் அவற்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்தன. ஆனால் சார்ட்ரூஸை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. ஆகவே பெட்டியில் கறுப்பு இருக்கும்போது அடர்நீலத்துக்குத் தனியாகச் செலவழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். கறுப்பு-நீல ஜிக் (எடைத்தலை கொண்ட முள்ளில் அமைந்த லூர்) நன்றாக வேலை செய்வது அதன் இருண்ட உருவத்தால்தான் என்பது என் முடிவு.

ஐந்தாம் படி: மீன் எங்கிருந்து பார்க்கிறது

லூர் மீனுக்கு மேலே ஓடினால் அதன் பின்னணி வானம். அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு எந்த நிறமும் நிழலுருவாகவே தெரியும். விடியற்காலையில் மேற்பரப்பு லூருக்குக் கறுப்பு பொருந்துவது இதனால். பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னணி நீரின் சாயம். தரையில் இழுக்கும் ஜிக்குக்குப் பின்னணி சேறோ பாறையோ. ஆகவே நான்காம் படியில் கிடைத்த இரண்டு மூன்று நிறங்களில், பின்னணிக்கு மாறுபட்டதைக் கட்டுங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

படகிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு லூர் தெரியவில்லை, மீனுக்கும் தெரியாது" என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒளி கீழே போய், லூரில் பட்டு, மீண்டும் மேலே வர வேண்டும். அருகிலிருக்கும் மீனுக்கு ஒளி கீழே போனால் போதும். நீர்புகாச் சிறு கேமராவை லூருக்கு இரண்டடி தள்ளிக் கட்டி இறக்கிப் பார்ப்பதே நம்பகமானது. ஆனால் கேமராவின் தானியங்கி வெண்மைச் சமனை அணைத்துவிட்டு, பகல் வெளிச்ச நிலையில் பூட்டிய பிறகே இறக்குங்கள். நான் அதைச் செய்யாததால், நீரில் இழந்துபோன சிவப்பைக் கேமரா தானாகவே கூட்டிக் காட்டியது. டிராவிஸில் 25 அடியில் சிவப்பு பளிச்சிடுவதாக ஒரு மாதம் நம்பியிருந்தேன்.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், காலையில் அளந்த தட்டாழம் மாலையில் பொருந்தவில்லை என்று எழுதினார். அவர் அளந்தது அணைக்கருகே, மீன் பிடித்தது மழைநீர் வந்து சேரும் ஓடை முகத்தில். ஒரே ஏரியில் இவ்விரண்டு இடங்களும் வெவ்வேறு நீர். இடம் மாறும்போதெல்லாம் அளக்க வேண்டும். அடர்ந்த மேகத்திலும் மாலை மங்கலிலும், கணக்கில் வந்த பிரிவுக்கு அடுத்த மங்கலான பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கோடையில் 35 அடிக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தார். கோடையில் கிழக்கு டெக்சாஸ் ஏரிகளின் நீர், மேலே வெப்பமாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இரண்டடுக்காகப் பிரிந்துவிடும். கீழடுக்கில் உயிர்வளி மிகக் குறைவு, எனவே பாஸ் அங்கே தங்காது. மீன் தேடும் ஒலிக்கருவியான சோனாரின் திரையில் மங்கலான கிடைக்கோடாக அந்த எல்லை தெரியும். கோடு 22 அடியில் இருந்தால், 35 அடிக்கு நிறம் தேடாமல் லூரை அந்தக் கோட்டுக்கு மேலே ஓடவிட்டு, அந்த ஆழத்தைத் தட்டாழத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.